நியூட்ரல் கம்பி: வீட்டில் அடிக்கடி எழும் கேள்விகள்

கரன்ட் கோளாறு என்றால் எல்லோருடைய கவனமும் ஃபேஸ் கம்பி மேல்தான். டெஸ்டரை வைக்கிறோம். எரிந்தால் கரன்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். நியூட்ரல் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு டி.வி.யும் ஃபிரிட்ஜின் போர்டும் மூன்று எல்.இ.டி. பல்பும் ஒரே நிமிடத்தில் போயின. ஃபியூஸ் எதுவும் போகவில்லை, எம்.சி.பி. (ஆம்பியர் கூடினால் தானாக இறங்கும் ஸ்விட்ச்) எதுவும் இறங்கவில்லை. மறுநாள் பார்த்தால், மெயின் போர்டில் நியூட்ரல் லிங்கின், அதாவது வீட்டு நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பட்டையின், ஒரே ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, கம்பி கருகிக் கிடந்தது.

அதற்குப் பிறகு இதைப் பற்றி விசாரிப்பதே எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. உறவினர்களும் அக்கம்பக்கத்தவரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கெல்லாம் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சப்ளையை வைத்து.

நியூட்ரல் என்பது என்ன? எங்கிருந்து வருகிறது?

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். மேலே 11,000 வோல்ட்டில் வந்து சேரும் கம்பிகள் மூன்று. கீழே வீடுகளுக்குப் புறப்படும் பக்கத்தில் நான்கு. அந்த நான்காவதுதான் நியூட்ரல். அது எங்கோ மின் நிலையத்திலிருந்து வருவதில்லை, உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரிலேயே பிறக்கிறது.

உள்ளே மூன்று சுருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஒரு முனை ஃபேஸாக வெளியே வருகிறது. மற்ற மூன்று முனைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சிலிருந்து ஒரு கம்பியை வெளியே எடுக்கிறார்கள். ஒரு ஃபேஸுக்கும் முடிச்சுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். பிறகு அந்த முடிச்சை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே குழி வெட்டி மண்ணோடு இணைத்துவிடுகிறார்கள். நியூட்ரல் பூமியோடு ஒட்டி ஏறக்குறைய பூஜ்யம் வோல்ட்டில் நிற்பது இந்தக் கட்டினால்தான். கட்டு விட்டுப்போனால் பூஜ்யமும் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

நியூட்ரலில் கரன்ட் ஓடுமா, ஓடாதா?

ஓடும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் போட்டால் ஃபேஸில் 4.3 ஆம்பியர் போகிறது. நியூட்ரலிலும் அதே 4.3 ஆம்பியர்தான், ஒரு துளி குறையாது. கிணற்று ராட்டினத்தில் கயிறு இந்தப் பக்கம் எத்தனை முழம் ஏறுகிறதோ அத்தனை முழம் அந்தப் பக்கம் இறங்கித்தானே ஆக வேண்டும்?

குழப்பத்துக்குக் காரணம் டெஸ்டர். அது காட்டுவது வோல்டேஜை. ஆம்பியரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நியூட்ரலில் பத்து ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தாலும், பூமியோடு ஒப்பிட்டால் அதன் வோல்டேஜ் ஒன்றிரண்டுதான் என்பதால் டெஸ்டர் எரியாது. அதைப் பார்த்துவிட்டு ‘இது செத்த கம்பி’ என்று நினைக்கிறோம்.

அப்படியானால் நியூட்ரலைத் தொட்டால் ஷாக் அடிக்காதா? தொடலாமா?

எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை ஷாக் தெரியாது. அந்த ‘எல்லாம் ஒழுங்காக’ என்பதற்கு யார் உத்தரவாதம் தருவது? கறுப்பு ஒயர் என்று நாம் நம்புவதை யாரோ ஃபேஸுக்குப் பயன்படுத்தியிருக்கலாம். வழியில் எங்காவது அறுந்திருக்கலாம். வீட்டில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம். ஃபேஸுக்குக் கொடுக்கும் மரியாதை நியூட்ரலுக்கும் வேண்டும்.

பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் வேலை செய்யவில்லை. டபுள் கரன்ட் வருகிறதா?

இந்த ‘டபுள் கரன்ட்’ பயம் எங்கள் தெருவில் ரொம்பப் பிரபலம். இல்லை, வருவது ஒரே கரன்ட்தான். திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது.

எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஏதோ ஒரு ஃபேனோ ட்யூப்லைட்டோ ஸ்விட்ச் போட்ட நிலையில் இருக்கிறது. ஃபேஸ் அந்த ஃபேன் சுருள் வழியாகப் போய் நியூட்ரல் ஒயருக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் போக முடியாததால் ஒயர் முழுதும் 230 வோல்ட்டில் நிற்கிறது. எலக்ட்ரீஷியன்கள் இதை ‘ரிட்டர்ன் வருது’ என்பார்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி உண்டு. அந்த லைனில் உள்ள எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி டெஸ்டர் வையுங்கள். இரண்டாவது ஓட்டையில் விளக்கு அணைந்துவிட்டால் நியூட்ரல் கட் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் எரிந்தால் ஃபேஸ் வேறு எங்கோ நியூட்ரலோடு கலக்கிறது. அது கொஞ்சம் வம்பான கேஸ், ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள். ஃபேஸ் இருக்கிறதா என்பதற்கு மட்டும்தான் டெஸ்டர். நியூட்ரல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஹோல்டரில் பல்பு மாட்டி இரண்டு ஒயர் விட்ட டெஸ்ட் லாம்ப்தான் சரி. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் இரண்டு பக்கமும் வழி இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதைப் பழகியவர் கையில் கொடுங்கள்.

நியூட்ரலும் மண்ணுக்குத்தான் போகிறது, எர்த்தும் மண்ணுக்குத்தான் போகிறது. பிறகு எதற்கு இரண்டு கம்பி?

நியாயமான கேள்வி. ஒன்று தினப்படி நடமாடும் வாசல், மற்றது ஆபத்துக்கு வெளியேறும் கதவு. நியூட்ரலில் எப்போதும் மின்னோட்டம் இருக்கும், எர்த்தில் எப்போதும் இருக்கக் கூடாது. கிரைண்டருக்குள் ஒயர் உரிந்து அதன் பாடியில் பட்டால் மட்டும், நம் உடம்பு வழியாகப் போகாமல் எர்த் வழியாகப் போக வேண்டும். பாடி, எர்த்தோடு மட்டும்தான் பேசும். நியூட்ரலோடு அதற்குத் தொடர்பே கிடையாது.

நியூட்ரல் போய்விட்டது, ஆள் வரும்வரை எர்த்தை நியூட்ரலாக வைத்துக்கொள்ளலாமா? பல்பு எரிகிறதே!

எரியும். அதனால்தான் இது இவ்வளவு பரவியிருக்கிறது. ஆடி மாதம் கோயில் சீரியல் செட்டுக்கு ஒரு கடப்பாரையை மண்ணில் அடித்து நியூட்ரல் எடுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம், சுமாரான குழிதான். 1000 வாட் அயர்ன் பாக்ஸின் தடை சுமார் 53 ஓம். இரண்டும் தொடராக நிற்பதால் ஓடுவது 3.6 ஆம்பியர். குழியில் விழும் வோல்டேஜ் 36. கத்திரி வெயிலில் மண் காய்ந்து தடை 30 ஓம் ஆனால் அதே வோல்டேஜ் 83 ஆகிவிடும். அந்த வோல்டேஜ் குழியோடு நிற்காது. ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், ஹீட்டர் என்று எர்த் கம்பி போகும் எல்லா இரும்புப் பாடியிலும் அது நிற்கும். ஹாலில் ஒருவர் துணி தேய்க்க, அடுக்களையில் ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டவருக்கு ஷாக்.

எர்த் கம்பி எங்காவது விட்டுப்போயிருந்தால் இன்னும் மோசம். அத்தனை பாடியிலும் முழு 230 வோல்ட் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குக்கூட வேண்டாம். மெழுகுவத்தி ஏற்றிக்கொள்ளுங்கள்.

யூடியூபில் மெயின் பாக்ஸிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகச் சேர்க்கிறார்களே?

அது பெரும்பாலும் அமெரிக்க வீடியோவாக இருக்கும். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் நடுவிலிருந்து நியூட்ரல் எடுத்து இரண்டு பக்கமும் 120 வோல்ட்டாகப் பிரிக்கிறார்கள். வெள்ளை ஒயர் நியூட்ரல். வீட்டின் மெயின் பெட்டியில் அதை எர்த்தோடு இணைப்பது அவர்கள் சட்டப்படியே உண்டு, மொத்த அமைப்பும் அதற்கேற்றபடி இருக்கிறது.

நம் ஊரில் நியூட்ரலை எர்த் செய்வது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வேலை. நம் வீட்டுக் குழி நம் பாடிகளுக்கு மட்டும். இங்கே இரண்டையும் சேர்த்துவிட்டு, தெருவில் நியூட்ரல் அறுந்தது என்று வையுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் திரும்பு மின்னோட்டம் முழுதும் உங்கள் வீட்டுக் குழி வழியாக மண்ணுக்குள் இறங்கப் பார்க்கும். உங்கள் ஃபிரிட்ஜ் கதவும் அந்த வழியில்தான் இருக்கிறது.

த்ரீ ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் பொருள்கள் எரிந்துபோவது எப்படி? கரன்ட் வராமல்தானே இருக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்குள் நியூட்ரல் அறுந்தால் எல்லாம் அணையும், பொருளுக்கு ஒன்றும் ஆகாது. த்ரீ ஃபேஸில் அப்படி இல்லை. ஒரு ஃபேஸிலிருந்து புறப்பட்ட மின்னோட்டத்துக்கு நியூட்ரல் வழி அடைபட்டால், இன்னொரு ஃபேஸ் வழியாகத் திரும்பிப் போக முடியும். அந்த இரண்டு ஃபேஸுக்கும் நடுவே இருப்பது 230 அல்ல, 400 வோல்ட்.

சிவப்பு ஃபேஸில் 1000 வாட் ஹீட்டர் ஓடுகிறது. மஞ்சள் ஃபேஸில் 100 வாட் டி.வி. ஓடுகிறது. நீல ஃபேஸில் எதுவும் இல்லை. நியூட்ரல் லிங்குக்கு வரும் கம்பி விட்டுப்போகிறது. இப்போது ஹீட்டரும் டி.வி.யும் 400 வோல்ட்டின் குறுக்கே தொடராக நிற்கின்றன. ஹீட்டரின் தடை 53 ஓம். டி.வி.யையும் கணக்குக்காக ஒரு வெறும் தடை என்று வைத்துக்கொண்டால் 529 ஓம். வோல்டேஜ் தடைக்கு ஏற்றபடி பிரியும் என்பதால் ஹீட்டருக்கு 36 வோல்ட், டி.வி.க்கு 364 வோல்ட். ஹீட்டர் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. டி.வி. புகையும்.

இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது போலத்தான். பெரிய லோடு தப்பித்துக்கொள்ளும், சின்ன லோடு மாட்டிக்கொள்ளும். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், ஃபிரிட்ஜின் எலக்ட்ரானிக் போர்டு எல்லாம் முதலில் போவது இதனால்தான். வோல்டேஜ் குறைந்த பக்கத்தில் ஓடும் மோட்டார்களும் பத்திரம் இல்லை. சுற்ற முடியாமல் முனகி, சூடேறிச் சுருள் கருகும்.

எம்.சி.பி. ஏன் இறங்கவில்லை? அது ஆம்பியர் கூடினால்தான் இறங்கும், வோல்டேஜை அது பார்ப்பதே இல்லை. மேலே சொன்ன உதாரணத்தில் ஓடியது முக்கால் ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. மின்கசிவைக் கண்டால் வெட்டும் ஆர்.சி.சி.பி.யும் இதைக் கண்டுபிடிக்காது. வோல்டேஜ் கூடினால் வெட்டிவிடும் தனிக் கருவி மெயின் போர்டில் மாட்டும் அளவிலேயே கிடைக்கிறது. எரிந்த பிறகு நான் வாங்கி மாட்டினேன், எல்லோரும் அப்படித்தான்.

எங்கள் வீடு சிங்கிள் ஃபேஸ்தான். நாங்கள் தப்பித்தோம் அல்லவா?

பாதிதான். உங்கள் வீட்டுக்குள்ளோ கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரிலோ அறுந்தால் பொருள்களுக்கு ஆபத்து இல்லை. தெருக் கம்பத்தில், பல வீடுகளுக்குப் பொதுவான நியூட்ரல் அறுந்தால், நீங்கள் ஒரு ஃபேஸ், எதிர்வீட்டார் இன்னொரு ஃபேஸ். இரண்டு வீடும் சேர்ந்து மேலே சொன்ன ஹீட்டரும் டி.வி.யும் ஆகிவிடும். காற்று மழை நாளில் மரக்கிளை விழுந்து தெரு முழுக்க டி.வி. போனது என்று கேள்விப்படுகிறோமே, அதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

நியூட்ரல் போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா? தெரிந்தால் என்ன செய்வது?

பெரும்பாலும் தெரியும், நாம்தான் கவனிப்பதில்லை. கிரைண்டர் போட்டால் எல்லா விளக்கும் லேசாக மங்குவது வேறு. கிரைண்டர் போட்டவுடன் பக்கத்து அறை விளக்கு கூடுதலாக எரிகிறது என்றால் அது நியூட்ரல் தளர்ந்ததன் அடையாளம். ஒரு அறையில் ஃபேன் பறக்கிறது, இன்னொரு அறையில் நகர மாட்டேன் என்கிறது. விளக்கு கண் சிமிட்டுகிறது. மெயின் போர்டுப் பக்கம் கருகல் வாடை, கிர்ரென்று ஒரு சத்தம். எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக மாடி விளக்கு அவ்வப்போது பளிச்சென்று ஆகிக்கொண்டிருந்தது. ‘பரவாயில்லையே, நல்ல வோல்டேஜ்’ என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கண்டவுடன் மெயினை அணையுங்கள். ஒவ்வொரு ஸ்விட்சாக அணைக்காதீர்கள். பெரிய லோடை முதலில் அணைத்தால் மிச்சம் இருப்பவற்றின் வோல்டேஜ் இன்னும் மாறும். அப்புறம் எதிர்வீட்டிலும் இப்படியா என்று கேளுங்கள். அங்கேயும் என்றால் கோளாறு தெருவில். தமிழ்நாட்டில் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லலாம். சொல்லும்போது ‘கரன்ட் இல்லை’ என்று சொல்லாமல் ‘நியூட்ரல் கட், வோல்டேஜ் கூடக்குறைய வருகிறது’ என்றே சொல்லுங்கள். வருகிறவர் எங்கே பார்க்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் மட்டும் என்றால் எலக்ட்ரீஷியன். அவரிடம் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். மெயின் அணைக்காமல் நியூட்ரல் லிங்கில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் த்ரீ ஃபேஸ் போர்டில் நியூட்ரலைக் கழற்றுவது, தெருவில் அறுந்ததற்குச் சமம்தான்.

நியூட்ரல் எந்த நிறம்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே.

நம் ஊர் வீட்டு ஒயரிங்கில் பழகிய கணக்கு: சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சாதனங்களோடு வரும் ஒயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த்.

நீலத்தைக் கவனித்தீர்களா? மெயின் போர்டில் நீலம் 230 வோல்ட் ஃபேஸ், ஏ.சி.யோடு வந்த ஒயரில் நீலம் நியூட்ரல். இரண்டையும் நீலத்துக்கு நீலம் என்று முடிந்துவிட்டவர்கள் உண்டு. அதோடு, பழைய வீடுகளில் அன்றைக்கு மீதியிருந்த சுருள் எதுவோ அதுதான் நிறம். நிறத்தை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

மூன்று பின் பாயின்ட்டை நேராகப் பார்க்கும்போது மேலே பெரிய ஓட்டை எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல்.

ஸ்விட்சை நியூட்ரலில் போட்டாலும் விளக்கு அணைகிறதே, என்ன தப்பு?

விளக்கு அணையும், ஹோல்டர் அணையாது. ஃபேஸ் நேராக ஹோல்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ‘ஸ்விட்ச் அணைத்துவிட்டேன்’ என்ற தைரியத்தில் ஸ்டூலில் ஏறிப் பல்பு மாற்றுகிறவர் விழுவது ஷாக்கால் பாதி, ஸ்டூலால் மீதி.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக் மினுக்கென்று எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வேறு காரணங்களும் உண்டு. ஸ்விட்சிலேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாக ஒரு சொட்டு மின்னோட்டம் போகும். நீளமான குழாயில் ஃபேஸ் ஒயரோடு ஒட்டி வரும் ஸ்விட்ச் ஒயரிலும் லேசாகத் தொற்றும். எல்.இ.டி.க்கு அந்தச் சொட்டே போதும். பழைய குண்டு பல்புக்கு அது தெரியவே தெரியாது.

பழைய வீட்டில் நியூட்ரலுக்கும் ஃபியூஸ் இருக்கிறது. நல்லதுதானே?

இல்லை. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் எதுவும் ஓடாது, ஆனால் எல்லா இடத்திலும் ஃபேஸ் நிற்கும். கரன்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்போம். எர்த் செய்யப்பட்ட நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ ஸ்விட்சோ கூடாது, ஃபேஸையும் சேர்த்து ஒரே நேரத்தில் வெட்டும் இணைந்த ஸ்விட்ச் மட்டும் இருக்கலாம் என்பது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே வந்துவிட்டது. கழற்றிவிட்டு லிங்க் போடச் சொல்லுங்கள். த்ரீ ஃபேஸ் லைனுக்கு அந்த ஃபியூஸ் என்றால் ஆபத்து பல மடங்கு, காரணத்தை மேலே பார்த்தோம்.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கினாலும் ஆர்.சி.சி.பி. நிற்காமல் விழுகிறது. பழுதா?

பெரும்பாலும் அது பழுது இல்லை, உங்கள் நியூட்ரலில்தான் கோளாறு.

ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே வேலை. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்க்கிறது. வீடுகளில் போடுவது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் வகை, அவ்வளவு வித்தியாசம் வந்தால் விழுந்துவிடும். சாதாரண எம்.சி.பி. வெட்டுவது ஃபேஸை மட்டும். நியூட்ரல் எல்லாம் லிங்கில் அப்படியே சேர்ந்தே இருக்கிறது. ஏதோ ஒரு நியூட்ரல் ஈரச் சுவரிலோ எர்த் ஒயரிலோ பட்டுக்கொண்டிருந்தால், மற்ற வீடுகளின் லோடால் நியூட்ரலில் நிற்கும் ஓரிரு வோல்ட்டே அங்கே கசிவை உண்டாக்கப் போதும். வீட்டில் ஒரு விளக்குகூட எரியாதபோதும் விழுவது இதனால்தான். மெயினை அணைத்து, லிங்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, எது விலகும்போது நிற்கிறது என்று பார்ப்பார்கள். மழைக்காலத்தில் மொட்டைமாடி பாயின்ட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், நேரம் மிச்சம்.

இரண்டு ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில், இதன் ஃபேஸும் அதன் நியூட்ரலும் மாறிப் போயிருந்தாலும் இதே கதிதான்.

மீட்டரில் ‘எர்த்’ விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. மாடிப் போர்ஷனிலும் அப்படியே.

கீழ்வீடும் மாடியும் நியூட்ரலைக் கலந்துவிட்டன என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இப்போதைய மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அளக்கின்றன. இரண்டும் வேறுபட்டால் அந்த விளக்கு எரியும். பல மீட்டர்கள் எது அதிகமோ அதை வைத்தே யூனிட் ஏற்றும். அதாவது மாடியின் மின்னோட்டம் கீழ்வீட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பினால், மாடியில் அதன் ஃபேஸுக்கு ஒருமுறையும் கீழே நியூட்ரலுக்கு ஒருமுறையும் என்று ஒரே கரன்ட்டுக்கு இரண்டு இடத்தில் பணம் கட்ட நேரலாம். ஒரே வீட்டை இரண்டு சர்வீஸாகப் பிரித்தபோது ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை மறந்திருப்பார்கள். கசிவு இருந்தாலும் இதே விளக்குதான் எரியும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

மெயினை அணைத்த பிறகும் நியூட்ரலில் ஷாக் அடித்தது. எப்படி?

இன்வெர்ட்டர் இருக்கிறதா? அதுதான். மெயின் போனவுடன் இன்வெர்ட்டர் தானாக 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். நியூட்ரல் பொதுவாக இருக்கும் வீட்டில், அதைக் கழற்றிக் கையில் பிடித்தால், ஓடுகிற ஃபேன் வழியாக வந்த கரன்ட் அங்கே காத்திருக்கும். போர்டில் வேலை என்றால் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்து அதன் பிளக்கையும் பிடுங்க வேண்டும். புதிதாக ஒரு எலக்ட்ரீஷியன் வந்தால் ‘இன்வெர்ட்டர் இருக்குங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது நம் வேலை.

ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்ட வந்தவர் ‘போர்டில் நியூட்ரல் இல்லை’ என்கிறார். நியூட்ரல் இல்லாமலா இத்தனை நாள் விளக்கு எரிந்தது?

நியூட்ரல் விளக்குக்கு நேராகப் போயிருக்கும், ஸ்விட்சுக்கு வருவது ஃபேஸ் மட்டும். சாதாரண ஸ்விட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் ஸ்விட்ச் வை-ஃபையோடு எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்கென்று தனி மின்னோட்டமும் அது திரும்பும் வழியும் தேவை. நம் வீடுகளில் ஸ்விட்ச் போர்டிலேயே ஒரு பிளக் பாயின்ட் இருப்பது வழக்கம் என்பதால் பெரிய போர்டுகளில் பிரச்சினை வராது. கட்டில் பக்கத்து டூ-வே ஸ்விட்ச், மாடிப்படி ஸ்விட்ச் மாதிரி இடங்களில்தான் இல்லாமல் இருக்கும். ‘பரவாயில்லை, எர்த்தில் கொடுத்துடலாம்’ என்று அவர் சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து ஒரே நியூட்ரல் தாங்குமா?

தாங்கும். மூன்று ஃபேஸிலும் 10 ஆம்பியர் சமமாக ஓடினால் நியூட்ரலில் ஒன்றுமே மிஞ்சாது, ஒன்றின் ஏற்றம் மற்றவற்றின் இறக்கத்தோடு கழிந்துவிடும். ஒன்றில் மட்டும் 10 ஓடினால் நியூட்ரலிலும் 10. எல்.இ.டி., கம்ப்யூட்டர் மாதிரி எலக்ட்ரானிக் லோடுகள் மட்டும் இந்தக் கழித்தலுக்குச் சரியாக அடங்காமல் கொஞ்சம் மிச்சம் வைக்கும். அதனால் ஃபேஸுக்குப் போட்ட அதே தடிமனில் நியூட்ரலும் இருக்க வேண்டும், ‘நியூட்ரல்தானே’ என்று மெல்லிய ஒயர் போட விடாதீர்கள்.

புதிதாக வீடு கட்டுகிறோம். நியூட்ரல் விஷயத்தில் எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்லி வைப்பது?

ஒவ்வொரு எம்.சி.பி. லைனுக்கும் அதன் நியூட்ரல் தனியாக லிங்க் வரை வர வேண்டும், வழியில் இன்னொரு லைனோடு முறுக்கி டேப் சுற்றக் கூடாது. லிங்கில் ஒவ்வொரு ஒயருக்கும் எந்த அறை என்று சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். மாடியைப் பின்னால் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் நியூட்ரலை இப்போதே பிரித்துவிடுங்கள். எல்லா ஸ்விட்ச் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் ஒயர், இன்று தேவையில்லை என்றாலும். சர்வீஸ் ஒயர் அலுமினியமும் வீட்டு ஒயர் காப்பரும் சந்திக்கும் இடத்தில் வெறுமனே முறுக்காமல், அதற்கென்று உள்ள கனெக்டர். குடிவந்து ஆறு மாதம் கழித்து ஒருமுறை, மெயினை அணைத்து லிங்க் ஸ்க்ரூக்களை இறுக்கச் சொல்லுங்கள். புது ஒயர் சூடாகி ஆறி, கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

அப்புறம், சுவர் பூசுவதற்கு முன்னால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த நியூட்ரலைத் தேடிச் சுவரை உடைக்கும் நாளில் உதவும்.